பெட்டையின் முதுகில் இறகு கலையவில்லையா? சேவலை எடை போடுங்கள்

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே கறிக்கோழிக் குஞ்சுக்கான முட்டை தரும் பிராய்லர் தாய்க்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். ஷெட்டுக்கு 3,000 பெட்டை, 300 சேவல் என்று இரண்டு ஷெட்டில் ஆரம்பித்தேன். தரையில் கூளம் பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறை, இயற்கைச் சேர்க்கை. இப்போது வயது 46 வாரம். 36ஆவது வாரத்தில் இரண்டு ஷெட்டிலும் 87 சதவீதமாக இருந்த பொரிப்பு, இப்போது முதல் ஷெட்டில் 83, இரண்டாவது ஷெட்டில் 71. முட்டை உற்பத்தியும் முதல் ஷெட்டில் 68, இரண்டாவதில் 63 சதவீதம். நோய் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது ஷெட்டுப் பெட்டைகள் இறகுகூடக் கலையாமல் அழகாக இருக்கின்றன. தீவனத்தையும் மளமளவென்று முடித்துவிடுகின்றன. குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் கேட்டால், "க்ளியர் (கரு தெரியாத முட்டை) 21 சதவீதம் வருகிறது, சித்திரை வெயில்தான் காரணம்" என்கிறார்கள். வைட்டமின் இ–செலினியம் பத்து நாள், ஆன்டிபயாடிக் ஐந்து நாள் கொடுத்தும் பலனில்லை. நண்பர் பண்ணையில் 28 வாரச் சேவல்கள் உபரியாக இருக்கின்றன. 100 சேவல் வாங்கி விடலாமா? இல்லை, கூண்டுக்கு மாறிச் செயற்கைக் கருவூட்டல் செய்வது நல்லதா? தரைமுட்டைகளைக் கழுவி அனுப்பலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

சேவல் இப்போது வாங்க வேண்டாம். மருந்தையும் நிறுத்திவிடுங்கள். பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கடிதமே ஏறக்குறையச் சொல்லிவிட்டது.

இரண்டு ஷெட்டுக்கும் ஒரே தீவனம், ஒரே தண்ணீர், ஒரே முட்டை அறை. முட்டை போவது ஒரே வண்டியில், ஒரே ஹேச்சரிக்கு. சித்திரை வெயிலும் இரண்டு கூரை மீதும் ஒன்றாகத்தான் அடித்தது. அப்படியிருக்க ஒன்றில் 83, மற்றதில் 71 என்றால், காரணம் இரண்டாவது ஷெட்டின் சுவருக்குள்தான் இருக்க வேண்டும். வெயில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. முதல் ஷெட் 87லிருந்து 83க்கு இறங்கியதில் வயதும் வெயிலும் சேர்ந்திருக்கும்; அந்த இறக்கத்தை ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ள 12 சதவீதத்துக்கு வெயில் பதில் சொல்லாது.

அந்த ஷெட்டைப் பற்றி நல்ல செய்தியாக இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைத்ததே அவை இரண்டும்தான்.

முதலாவது, பெட்டைகளின் இறகு. சேவல் சேரும்போது பெட்டையின் முதுகில் கால் வைத்து ஏறும்; பிடரி இறகை அலகால் பற்றிக்கொள்ளும். ஒழுங்காகச் சேர்க்கை நடக்கும் பண்ணையில் 40 வாரம் தாண்டிய பெட்டைக்குப் பிடரியிலும் முதுகிலும் தொடையிலும் இறகு கொஞ்சமாவது நைந்திருக்கும். தோல் தெரிந்து நகம் கிழித்த காயம் இருந்தால் சேவல் அதிகம், அல்லது சேவல் பெட்டையைத் துரத்தித் துன்புறுத்துகிறது என்று பொருள். 46 வாரத்திலும் புதிதாக முட்டைக்கு வந்த பெட்டைபோல வழுவழுவென்று இருந்தால், சேவல் ஏறவே இல்லை. ஒரு நாள் முதல் ஷெட்டில் இருபது, இரண்டாவது ஷெட்டில் இருபது என்று பெட்டைகளைப் பிடித்து முதுகைத் தடவிப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் கைக்கே தெரியும்.

இரண்டாவது, தீவனம் மளமளவென்று தீர்வது. பெட்டைத் தீவனத் தொட்டியின் மேல் கம்பிச் சட்டம் வைப்பது, பெட்டையின் தலை நுழைய வேண்டும், சேவலின் பெரிய தலையும் கொண்டையும் நுழையக் கூடாது என்பதற்காக. சேவலுக்குத் தனித் தட்டு, பெட்டைக்கு எட்டாத உயரத்தில். இந்த ஏற்பாடு ஒழுங்காக இருந்தால் பெட்டைத் தீவனம் தீர எடுக்கும் நேரம் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. அது குறைகிறது, கூடவே முட்டையும் குறைகிறது என்றால், பெட்டையின் பங்கைச் சேவல் தின்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். பெட்டைக்கு வயிறு நிறையவில்லை, அதனால் 63 சதவீதம். சேவலுக்கு இரட்டைத் தீனி, அதனால் மார்புச் சதை பெருத்து, கால் தாங்காமல், ஏற முடியாமல் நிற்கிறது. உற்பத்தியும் கருக்கூடலும் ஒரே ஷெட்டில் ஒன்றாக இறங்கியிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் இது சந்தேகம்தான். உறுதி செய்ய மூன்று வேலை இருக்கிறது. மூன்றுக்கும் மருந்துக் கடைப் பக்கமே போக வேண்டியதில்லை.

முதல் வேலை ஹேச்சரியில். அவர்கள் "க்ளியர்" என்று சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பதினெட்டாம் நாள் முட்டையை அடைப்பெட்டியிலிருந்து பொரிப்புப் பெட்டிக்கு மாற்றும்போது வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவதெல்லாம் க்ளியர் கணக்கில் போய்விடும். அதில் கரு கூடாத முட்டையும் இருக்கும், கரு கூடி முதல் மூன்று நான்கு நாளில் செத்த முட்டையும் இருக்கும். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஷெட்டுக்கு 500 முட்டையாவது தனியாகக் குறி போட்டு அனுப்புங்கள். பத்தாம் நாள் நீங்களே நேரில் போய் டார்ச்சில் பார்த்து, தெளிவாக இருப்பவற்றை எடுத்து உடையுங்கள். மஞ்சள் கரு மேல் கடுகளவில் அடர்த்தியான வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் அது கரு கூடாத முட்டை. வெளிறிய படலம் பரவியிருந்தாலோ, ரத்த வளையம் தெரிந்தாலோ, கரு கூடிப் பிறகு செத்தது. சந்தேகம் வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து முட்டை உடைத்ததும் கண் பழகிவிடும்.

கரு கூடாதது 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வயதுக்குச் சரி. இரண்டாவது ஷெட்டில் அது 15ஐத் தாண்டினால் வழக்கு சேவல் மீதுதான். மாறாக ஆரம்பத்தில் செத்த கரு அதிகமாக இருந்தால் முட்டை அறை, வண்டி, கிருமி கொல்லப் போடும் புகைமூட்டம் பக்கம் திரும்ப வேண்டும். அடை வைத்த பிறகு பன்னிரண்டு மணி நேரத்துக்கும் நான்கு நாளுக்கும் இடையே ஃபார்மலின் புகை போட்டால் கரு சாகும். ஹேச்சரியில் கேட்கத் தயங்காதீர்கள். ஆனால் அதுதான் காரணம் என்றால் உங்கள் இரண்டு ஷெட் முட்டையும் அடி வாங்கியிருக்கும்.

பத்தாம் நாள் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பெட்டையின் உடலில் விந்து சேமித்து வைக்கும் நுண்குழாய்கள் இருக்கின்றன. சேர்க்கை நின்றாலும் பத்து, பதினான்கு நாள் வரை கரு கூடிய முட்டை வந்துகொண்டிருக்கும். அதன்பின் முட்டை அறையில் மூன்று நான்கு நாள், அடையில் 21 நாள். ஆகவே இன்று உங்கள் கைக்கு வரும் பொரிப்புத் தாளில் இருப்பது ஐந்தாறு வாரத்துக்கு முன் ஷெட்டில் நடந்தது. அந்தத் தாளை மட்டும் பார்த்துப் பண்ணை நடத்தினால் எப்போதும் தாமதமாகவே ஓடுவோம். வாரம் ஒரு முறை பத்தாம் நாள் முட்டை உடைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தால் அதில் பதினோரு நாள் மிச்சம்.

இரண்டாவது வேலை, சேவலை எடை போடுவது. பெட்டைகளின் எடையை வாராவாரம் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். சேவல் எடை முப்பதாவது வாரத்தோடு நின்றுவிட்டது. எண்ணிக்கையில் பத்தில் ஒன்று என்பதால் பலரும் சேவலைக் கவனிப்பதில்லை. ஒரு சேவல் கெட்டால் பத்துப் பெட்டையின் முட்டை கெடுகிறது. தீவனம் போடும் முன், ஷெட்டின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடத்தில் தடுப்பு வைத்து, ஷெட்டுக்கு முப்பது நாற்பது சேவல் பிடியுங்கள். தடுப்புக்குள் வந்த அத்தனையையும் போட வேண்டும்; பெரியதை மட்டும் பொறுக்கக் கூடாது. சராசரியை உங்கள் இனத்தின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான இனங்களில் இந்த வயதுச் சேவல் நாலரைக் கிலோ சுற்றி இருக்கும். சராசரியைவிட முக்கியம், பரவல். 3.8 கிலோவும் 5.4 கிலோவும் கலந்து நாலரை வந்தால் அந்தச் சராசரிக்கு மதிப்பே இல்லை.

கையில் பிடித்திருக்கும்போதே நான்கு இடம் பாருங்கள். மார்பெலும்பின் இருபுறமும் சதை எப்படி இருக்கிறது: ஒட்டி உலர்ந்திருக்கிறதா, எலும்பே தட்டுப்படாமல் பிதுங்கியிருக்கிறதா? உள்ளங்காலில் கொப்புளமோ கறுப்புத் தழும்போ இருக்கிறதா? முழங்கால் வீங்கியிருக்கிறதா? கடைசியாக ஆசனவாய். வேலை செய்யும் சேவலுக்கு அது அகன்று, சிவந்து, ஈரமாக இருக்கும். சுற்றியுள்ள இறகு தேய்ந்திருக்கும். சுருங்கி, வெளிறி, வறண்டிருந்தால் அந்தச் சேவல் பெட்டையை நாடி நாளாகிறது. கொண்டை சிவப்பாக இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம்.

அன்று மாலையே இன்னொன்றும் செய்யுங்கள். சேர்க்கை அதிகம் நடப்பது பிற்பகலுக்கு மேல். நாலரை மணிக்குப் பிறகு ஷெட்டுக்குள் ஒரு மூலையில் அசையாமல் இருபது நிமிடம் உட்காருங்கள், முதலில் ஒன்றில், பிறகு மற்றதில். சேவல்கள் பெட்டைகளுக்கு நடுவே கலந்து நடமாடுகின்றனவா, சுவரோரத்திலும் தண்ணீர்க் குழாய் ஓரத்திலும் கூட்டமாக நிற்கின்றனவா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வேலை, கம்பிச் சட்டம். பெரும்பாலான இனங்களுக்கு இடைவெளி 45 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். அந்த அகலத்துக்கு ஒரு மரத்துண்டு வெட்டிக்கொண்டு, தொட்டியின் முழு நீளத்துக்கும் ஒவ்வொரு இடைவெளியாக நுழைத்துப் பாருங்கள். ஆட்டம் காட்டாமல் இழைந்து போக வேண்டும். துண்டு லொடலொடவென்று ஆடும் இடத்தில் கம்பி வளைந்திருக்கிறது. ஆட்கள் தொட்டி மேல் கால் வைப்பது, கூளம் கிளறும்போது மண்வெட்டி படுவது, இவற்றாலேயே வளைந்துவிடும். பத்து இடம் வளைந்திருந்தால் போதும்; கெட்டிக்காரச் சேவல்கள் அந்த இடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு தினமும் அங்கேயே வந்து நிற்கும். காலையில் தீவனம் ஓட விட்டு முதல் பதினைந்து நிமிடம் நின்று பாருங்கள். தலை மாட்டிய சேவல்களை எண்ணுங்கள். சேவல் தட்டையும் கையோடு சரிபாருங்கள்: கழுத்தை நன்றாக நீட்டித் தின்னும் உயரம், ஏறக்குறைய 50 சென்டிமீட்டர், ஊஞ்சலாடாமல் நிற்க வேண்டும், ஒரு சேவலுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர் இடம். கூளம் ஏற ஏறத் தட்டு தானாகவே தாழ்ந்துவிடும், அதை மறந்துவிடுவோம். அப்போது நேர்மாறாக, பெட்டை வந்து சேவலின் தீனியைத் தின்னும், சேவல் மெலியும். அதனால்தான் முதலில் எடை போடச் சொன்னேன். பெருத்த சேவலும் மெலிந்த சேவலும் பொரிப்புத் தாளில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

எடை கூடியிருந்தால் பயந்துபோய்த் தீனியை வெட்டாதீர்கள். இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். வேலை செய்யும் சேவல் எடை இழக்கத் தொடங்கினால் விரை சுருங்கி விந்து உற்பத்தி விழும். அது திரும்ப வாரக்கணக்கில் ஆகும். திருட்டுத் தீனியை நிறுத்துங்கள், சேவல் தட்டில் போடும் அளவை அப்படியே வைத்திருங்கள். அதன்பின் வாரம் 20, 30 கிராம் ஏறினால் போதும். எடை நின்றாலோ இறங்கினாலோ மூன்று முதல் ஐந்து கிராம் தீவனம் கூட்டுங்கள். மெலிந்திருந்தால் தட்டைச் சரிசெய்துவிட்டு அதே அளவு கூட்டுங்கள். பெட்டைகளுக்குத் தீவனம் கூட்டும் முடிவை, கம்பிச் சட்டம் சரியாகி ஒரு வாரம் கழித்து எடுங்கள். தங்கள் பங்கு தங்களுக்கே கிடைத்தாலே முட்டை கொஞ்சம் எழும்.

அடுத்து கழிவு, அதாவது ஆகாத சேவல்களைக் கழிப்பது. கால் வீங்கியது, உள்ளங்கால் புண்ணானது, ஆசனவாய் வறண்டது, நடக்க முடியாமல் பெருத்தது, எலும்பு தட்டுப்படும் அளவுக்கு ஒட்டியது, இவை வெளியேறட்டும். இரண்டாவது ஷெட்டில் இப்போது 265 சேவல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கழித்த பிறகு 220 மிஞ்சினாலும் கவலைப்படாதீர்கள். 24 வாரத்தில் நூறு பெட்டைக்கு ஒன்பது, பத்து என்று தொடங்கி, இந்த வயதில் எட்டு, 60 வாரத்தில் ஏழு என்று இறங்குவதுதான் முறை. வேலை செய்யாத சேவல் வெறுமனே நிற்பதில்லை, வேலை செய்யும் சேவலை விரட்டும்.

கழிவு முடிந்த மறுநாள் இரவு, விளக்கைக் குறைத்து, இரண்டு ஷெட்டுக்கும் இடையே கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சேவல்களை மாற்றிப் போடுங்கள். முன், நடு, பின் என்று பரவலாக விட வேண்டும். புது இடம், புது எதிரி, புதுப் பெட்டை என்றதும் மந்தமான சேவலும் சுறுசுறுப்பாகும். இரண்டு மூன்று நாள் சண்டை இருக்கும். 45 வாரத்துக்கு முன்பே செய்திருந்தால் பலன் இன்னும் நன்றாக இருக்கும். இப்போது செய்தாலும் ஐந்தாறு வாரம் கைகொடுக்கும். ஒரே பண்ணை, ஒரே வயது என்பதால் புதிதாக நோய் வரும் பயமும் குறைவு.

நண்பரின் சேவல்களை நான் தடுப்பதற்குக் காரணம் அந்தப் பயம்தான். மைக்கோபிளாஸ்மா, புல்லோரம் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமிகள் தாய்க்கோழி வழியாக முட்டைக்குள் போய்க் குஞ்சுக்கு இறங்கும். நண்பரின் பண்ணையில் நோய் இருப்பது நண்பருக்கே தெரியாமல் இருக்கலாம். அங்கிருந்து நூறு சேவல் வந்தால் உங்கள் ஆறாயிரம் பெட்டையும் பந்தயத்தில் வைத்ததாகிவிடும். அதோடு, வளைந்த கம்பியை விட்டுவிட்டு இளஞ்சேவலை இறக்கினால் அதுவும் எட்டு வாரத்தில் பெருத்து நிற்கும். மாற்றிப் போட்ட பிறகும் நூறு பெட்டைக்கு ஏழுக்குக் கீழே எண்ணிக்கை போனால் அப்போது யோசியுங்கள். ரத்தப் பரிசோதனை செய்து, தனி இடத்தில் வைத்துக் கண்காணித்து, 25 வாரத்துக்கு மேற்பட்ட, நாலு கிலோ எட்டிய, உங்கள் இனத்தையே சேர்ந்த சேவல்களை மட்டும் எடுங்கள்.

கணக்கையும் பாருங்கள். இரண்டாவது ஷெட்டில் நாளுக்கு ஏறக்குறைய 1,700 அடைமுட்டை போகிறது என்று வைத்துக்கொண்டால், 12 சதவீதம் என்பது நாளுக்கு 200 குஞ்சு. குஞ்சு 30 ரூபாய் விற்கும் நாளில் அது 6,000 ரூபாய். இரண்டு ஆட்களை ஒரு நாள் முழுக்கக் கம்பி நிமிர்த்த விடுவதற்கு ஆகும் கூலி இதன் முன் ஒன்றுமே இல்லை.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வார்த்தை. மருந்தின் பெயரை எழுதவில்லை. கோலிஸ்டின் கலந்தது என்றால், உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதை நம் நாட்டில் 2019லேயே தடை செய்துவிட்டார்கள். எதுவாக இருந்தாலும், நோய் இல்லாத கோழிக்குக் கொடுக்க வேண்டாம். அடைக்கு ஆகாமல் கழிக்கும் முட்டை பேக்கரிக்கும் கடைக்கும்தானே போகிறது? மருந்து அதோடு போகும். வைட்டமின் இ, செலினியம் தீவனத்திலேயே இருக்கிறது. பெருத்த சேவலை அது ஏற வைக்காது. தீவனத்தில் சந்தேகம் இருந்தால் மக்காச்சோளத்தையும் கலவைத் தீவனத்தையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பிப் பூஞ்சை நச்சு பார்க்கலாம். இன்னொன்று: பழுப்பு முட்டை திடீரென்று ஓரிரு நாளில் வெளுத்து, பொரிப்பும் விழுந்தால், நிகார்பசின் என்ற ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்த கறிக்கோழித் தீவனம் தவறுதலாக வந்துவிட்டதா என்று பாருங்கள். உங்கள் ஷெட்டில் அப்படி எதுவும் தெரியவில்லை; ஆனால் தீவன ஆலையிலிருந்து வண்டி வரும் எல்லாப் பண்ணைக்காரரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முட்டை அறை ஏசியை 24இல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சூட்டில் கரு முழுசாக உறங்காது. மெல்ல வளர்ந்து பலவீனப்படும். 18 டிகிரிக்கு இறக்குங்கள். வண்டியில் ஏற்றும்போது முட்டை மேல் வியர்வை பூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் நாளைக்கு ஐந்தாறு முறை முட்டை எடுங்கள். இதனால் இரண்டு ஷெட்டுக்கும் ஓரிரு சதவீதம் கூடலாம்.

கூண்டும் செயற்கைக் கருவூட்டலும் நம் பகுதியில் இப்போது நிறையப் பண்ணைகளில் நடக்கிறது, நல்ல முறைதான். சேவல் குறைவாகப் போதும், தரைமுட்டை கிடையாது. ஆனால் முழுக்க ஆட்களின் கைத்திறனை நம்பிய வேலை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல், பெரும்பாலான பெட்டைகள் முட்டையிட்டு முடித்த பிறகுதான் செலுத்த வேண்டும். எடுத்த விந்தை அரை மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை தவறாமல் சுற்று வர வேண்டும். பழகிய குழு கிடைத்தால் அடுத்த பேட்ச்சுக்கு யோசியுங்கள். 46 வாரக் கோழியைத் தரையிலிருந்து கூண்டுக்கு ஏற்றினால் இருக்கிற முட்டையும் போய்விடும்.

தரையிலேயே தொடர்வதாக இருந்தால், அடுத்த பேட்ச்சில் சேவல் குஞ்சுகளை முதல் நாளிலிருந்தே தனியாக வளருங்கள். நாலாவது வாரத்தில் எடைவாரியாகப் பிரியுங்கள். முதல் எட்டு வாரத்தில் எடை குறைய விடாதீர்கள். பின்னால் விந்து உற்பத்தியைத் தாங்கப்போகும் விரைச் செல்கள் பெருகும் காலம் அது. 20 வாரத்துக்கு மேல் கால் நேராக உள்ளவற்றை மட்டும் தேர்ந்து, கொண்டை சிவந்த சேவலைக் கொண்டை சிவந்த பெட்டையோடு சேருங்கள். பருவம் வராத பெட்டைகளிடம் முதிர்ந்த சேவலை விட்டால் அவை மிரண்டு ஒதுங்கக் கற்றுக்கொள்ளும். அந்தப் பயம் எளிதில் போகாது.

தரைமுட்டைகளைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு கரைந்து, அழுக்குத் தண்ணீர் நுண்துளை வழியே உள்ளே போகும். கழுவிய முட்டை அடையில் கூமுட்டையாகி வெடித்தால் சுற்றியுள்ள நல்ல முட்டைகளையும் கெடுக்கும். எச்சம் படாத தரைமுட்டையைத் தனித் தட்டில், தனிக் குறியோடு அனுப்பலாம். எச்சம் பட்டதை அடைக்கு வைக்கவே வேண்டாம்.